சுக்கு விற்ற கணக்கு

பெங்களூரில் ஹட்சன் சர்க்கிளுக்கும் கே.ஆர். சர்க்கிளுக்கும் இடையே ஓடுவது நிருபதுங்கா சாலை. ரிசர்வ் வங்கி அங்கேதான் இருக்கிறது. அரசு அறிவியல் கல்லூரியாக இருந்து இன்று நிருபதுங்கா பல்கலைக்கழகமாகிவிட்ட நிறுவனமும் அங்கேதான். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் பெயர் அது. அவன் ஆட்சியில், கி.பி. 850 வாக்கில், மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் ‘கணிதசாரசங்கிரகம்’ என்ற வடமொழி நூலை எழுதினார்.

அதில் ஒரு கணக்கு: ஒரு பலம் (பழைய எடை அளவு) சுக்குக்கு 4/9 பணம் (பழைய நாணயம்) கிடைத்தால், 3/8 பலம் சுக்குக்கு எவ்வளவு?

மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் பெருக்கினால் 12/72. அப்புறம் உட்கார்ந்து சுருக்க வேண்டும். பின்னங்களைப் பெருக்கும் விதியை 628இலேயே பிரம்மகுப்தர் சொல்லிவிட்டார். மகாவீரரோ, முடிந்தால் முதலில் குறுக்காகச் சுருக்கிவிட்டுப் பெருக்கு என்கிறார். 3க்கும் 9க்கும் பொதுவான 3 போகிறது. 4க்கும் 8க்கும் பொதுவான 4 போகிறது. மிஞ்சுவது 1/2 × 1/3. விடை 1/6 பணம். கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் மனத்திலேயே முடிகிற வேலை.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விகிதமுறு கோவைகளில் செய்வதும் இதையேதான். (x²−9)/(x²+5x+6) என்பதை (x+2)/(x−3) ஆல் பெருக்கச் சொன்னால், நேரே பெருக்கப் போகிறவர் x³ வரை போய்த் திண்டாடுவார். காரணிப்படுத்தினால் மேலே (x−3)(x+3)(x+2), கீழே (x+2)(x+3)(x−3). எல்லாம் அடிபட்டு விடை 1. எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் காரணியைப் பெருக்குவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் இரண்டிலும் உள்ள திறமை. இதைச் சடங்காக மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

மகாவீரரின் நூல் தென்னாட்டில் நன்றாகப் பரவியது. 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா அதைத் தெலுங்கில் தந்தார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சார்யா சுவடிகளை ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னையில் பதிப்பித்த பிறகு உலகம் அதைப் பரவலாக அறிந்தது.

அந்தப் பதிப்பில் மகாவீரர் சறுக்கிய இடமும் இருக்கிறது. ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அது மாறாமல் அப்படியே இருக்கும் என்றார்; உண்மையில் பூஜ்யத்தால் வகுக்கவே முடியாது. மேலே கண்ட கணக்கில் x = 3 என்று போட்டால் கீழே பூஜ்யம் வந்துவிடும்; −2, −3 போட்டாலும் அதே கதி. எனவே விடை 1 என்று எழுதும்போது, x இந்த மூன்று மதிப்புகளையும் பெறாது என்று பக்கத்தில் எழுதியாக வேண்டும்.