கல், கண்ணாடி, மறுபடியும் கல்: சென்னை கேட்ட கதை

நல்ல ஹெட்ஃபோன் வாங்கியவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. அதற்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் டியூபா, சாலிட் ஸ்டேட்டா? டியூப் என்பது வேறொன்றுமில்லை, தாத்தாக்கள் "வால்வு" என்று சொன்ன அதே கண்ணாடிக் குமிழ்தான். சாலிட் ஸ்டேட் என்பது டிரான்சிஸ்டர், ஐ.சி. வகையறா. டியூப் இனிமையானது, சாலிட் ஸ்டேட் துல்லியமானது என்று இரண்டு கட்சிகள் ஓயாமல் வாதாடும்.

இது புதிய சண்டை இல்லை. சென்னை இதே கேள்வியை ஒரு முறை சந்தித்துப் பதிலும் சொல்லிவிட்டது. அந்தப் பதில் எப்படி வந்தது என்று தெரிந்தால், இன்று கடையில் நிற்பவருக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சும்.

முதலில் வந்தது கல்

வால்வுதான் பழையது, குறைகடத்தி பின்னால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். கலீனா என்ற ஈயத்தாதுக் கல்லைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1901-ல் அமெரிக்காவில் காப்புரிமை கேட்டார், 1904 மார்ச்சில் கிடைத்தது. ஃபிளெமிங்கின் வால்வு பிறந்தது அதே ஆண்டு நவம்பரில்தான்.

சென்னையில் வானொலியின் கதை 1924-ல் தொடங்குகிறது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் மே 16 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31-ல் ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட், அதாவது ஒரு சின்ன குண்டு பல்பு அளவு! அந்தக் காலத்தில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மலிவான வழி கிரிஸ்டல் செட். ஒரு துண்டுக் கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி, ஒரு ஏரியல், காதில் ஹெட்ஃபோன். பேட்டரி கிடையாது, கரண்டும் கிடையாது. ஆக, ஹெட்ஃபோனும் சாலிட் ஸ்டேட்டும் சேர்ந்த ஜோடிக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

கல்லுக்கு ஒரு குறை. அது ஒலியைப் பிரித்துக் கொடுக்கும், பெருக்கிக் கொடுக்காது. ஒரு ஹெட்ஃபோனில் ஒருவர் கேட்கலாம், ஊர் கேட்க முடியாது.

கண்ணாடியின் காலம்

பணமில்லாமல் ரேடியோ கிளப் 1927 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே தினமும் மாலையில் ஒலிபரப்பியது. மெரினா கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராபின்சன் பார்க் போன்ற இடங்களில் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். செட் வாங்க முடியாதவர்களும் காற்று வாங்கிக்கொண்டே கச்சேரி கேட்டார்கள். இதைச் சாத்தியமாக்கியது வால்வு. 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் வால்வுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தபோதுதான், சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் வித்தை மனிதனுக்குக் கிடைத்தது.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் தொடங்கியது. 1954-ல் மயிலாப்பூர் பக்கம், கடற்கரைச் சாலைக்குக் குடிபெயர்ந்தது. வீடுகளில் மர்ஃபி, பிலிப்ஸ், ஜி.இ.சி. பெட்டிகள் வந்தன. சுவிட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே இழை சூடாகி, குமிழ் ஒளிர்ந்து, அரை நிமிடம் கழித்துத்தான் குரல் வரும். ஆண்டுதோறும் தபால் ஆபீசில் லைசென்ஸ் வேறு புதுப்பிக்க வேண்டும். அந்த லைசென்ஸ் முறை 1980-களில்தான் ஒழிந்தது.

வால்வு சபாக்களையும் விடவில்லை. மைக் வருவதற்கு முன் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றால் உச்ச ஸ்ருதியில் பாட வேண்டும். மைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் வந்த பிறகு தாழ்ந்த ஸ்ருதியில், நிதானமாகப் பாட முடிந்தது. கர்நாடக சங்கீதத்தின் குரலையே மாற்றிய பெட்டி அது.

மறுபடியும் கல்

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கி, 1962-லேயே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களுக்கும் வந்துவிட்டது. ஒரே நிறுவனம், ஒரு வருட இடைவெளியில் இரண்டு யுகங்கள்!

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், ஆரம்ப கால டிரான்சிஸ்டரின் ஒலி உண்மையிலேயே சுமார்தான். ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. சூடு ஏறினால் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால் இன்னும் சூடு ஏறும். மெட்ராஸ் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு, ஒலியலை மேலிருந்து கீழே கடக்கும் இடத்தில் ஒரு சின்ன உடைசல் வேறு. "வால்வு மாதிரி வராது சார்" என்று அன்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

இருந்தும் டிரான்சிஸ்டர் ஜெயித்தது. எதனால்? நாலு பேட்டரிக் கட்டையில் ஓடியது, கையில் தூக்கிக்கொண்டு போகலாம், போட்டவுடன் பேசியது, விலையும் இறங்கிக்கொண்டே வந்தது. சேப்பாக்கத்தில் மேட்ச் பார்த்துக்கொண்டே காதில் கமெண்ட்ரி கேட்க முடிந்தது. ரேடியோவின் பெயரே "டிரான்சிஸ்டர்" ஆகிப்போனது. அன்று சென்னை தன் காதை வைத்துத் தீர்ப்பு சொல்லவில்லை, பையையும் பர்சையும் வைத்துச் சொன்னது. ஒலி பின்னால்தான் சரியானது. சிலிக்கன் வந்து, 2என்3055 போன்ற பவர் டிரான்சிஸ்டர்கள் பரவி, ஐ.சி.க்கள் நுணுகிய பிறகு, அந்த உடைசல் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டது.

அந்த இனிமை எங்கிருந்து வந்தது?

"பழைய ரேடியோவின் இனிமை" என்று சொல்லும்போது அதன் புகழ் முழுவதும் வால்வுக்குப் போகிறது. அது நியாயமில்லை. மீடியம் வேவ் ஒலிபரப்பில் உச்சக் கீச்சொலிகள் பெரும்பாலும் வருவதே இல்லை. அகலமான காகித ஸ்பீக்கர், கனமான மரப்பெட்டி இரண்டும் சேர்ந்து மிச்சத்தையும் குழைத்துக் கொடுத்தன. அதே வால்வை இன்று ஒரு நல்ல ஹெட்ஃபோனோடு இணைத்தால் அந்தப் பழைய கூடம் திரும்பி வராது.

வால்வின் பங்கு என்று ஒன்று இருக்கிறதுதான். எளிமையான வால்வு சர்க்யூட் மூல ஒலியோடு அதன் இரண்டாம் ஹார்மானிக்கைக் கொஞ்சம் சேர்க்கும். சங்கீத பாஷையில், ஸட்ஜத்தோடு மேல் ஸட்ஜம் மெலிதாகச் சேர்கிறது. காதுக்கு உறுத்தாது, தனி வீணைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் அறுபது வயலின் கொண்ட ஒரு சினிமாப் பாட்டில் எல்லாச் சுரங்களும் ஒன்றோடொன்று கலந்து வேண்டாத சத்தங்களையும் உண்டாக்கும். இனிமை என்று ஒருவர் சொல்வதை இன்னொருவர் குழப்பம் என்பது இதனால்தான்.

சரி, எதை வாங்குவது?

ஹெட்ஃபோன் பெட்டியில் எத்தனை ஓம்ஸ் என்று முதலில் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் அவுட்புட் தடை பல ஓம்ஸ் இருக்கும், உதாரணத்துக்கு 50 என்று வைத்துக்கொள்ளலாம். 300 ஓம்ஸ் ஹெட்ஃபோனை மாட்டினால் வோல்டேஜில் 86 சதவீதம் அதற்குப் போய்ச் சேரும். 32 ஓம்ஸ் ஹெட்ஃபோனை மாட்டினால் 39 சதவீதம்தான். பல ஹெட்ஃபோன்களில் பேஸும் கொழகொழவென்று ஆகிவிடும். நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப்ளிஃபயரில் இந்தத் தடை ஒன்றிரண்டு ஓம்ஸுக்குள் அடங்கிவிடுவதால் இரண்டு வகையையும் சமாளிக்கும்.

இன்னொரு கணக்கு: இவ்வகை ஆம்ப்ளிஃபயர்களில் வரும் 6ஏஎஸ்7 வால்வின் இழையைச் சூடாக்க மட்டும் ஏறக்குறைய 16 வாட் வேண்டும். ஹெட்ஃபோன் கேட்பதோ சில மில்லிவாட். மீதி அத்தனையும் அறைக்குள் சூடாக இறங்குகிறது. கத்திரி வெயிலில், தி.நகர் மாடி அறையில் இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம் என்பதால், மூடியைத் திறப்பது விளையாட்டு இல்லை.

அதிக ஓம்ஸ் ஹெட்ஃபோன், மாற்று வால்வு வாங்க வசதி, ஒளிரும் குமிழைப் பார்க்கும் ஆசை மூன்றும் இருப்பவர்கள் தாராளமாக வால்வு வாங்கலாம். அது நியாயமான ஆசைதான். மற்றவர்கள் சாலிட் ஸ்டேட் வாங்கினால் எதையும் இழக்கப்போவதில்லை. 1960-களில் டிரான்சிஸ்டருக்கு மாறிய சென்னைக்காரர் வசதிக்காக ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். இன்று அந்த விட்டுக்கொடுத்தல் தேவையில்லை என்பதுதான் ஒரே வித்தியாசம்.