ஸ்டாலின் கன்னத்தைத் தட்டிய திருத்தணிக்காரர்

செப்டம்பர் 5 வந்தால் ராதாகிருஷ்ணனைப் பற்றி எல்லா மேடையிலும் ஒரே பேச்சுதான். திருத்தணியில் பிறந்தார், கஷ்டப்பட்டுப் படித்தார், தத்துவப் பேராசிரியர் ஆனார், குடியரசுத் தலைவர் ஆனார். முடிந்தது, கைதட்டு. எனக்கென்னவோ அந்தத் தலைப்பாகைக்குக் கீழே இருந்த பேச்சுக்காரரைத்தான் பிடிக்கும்.

1888-இல் அவர் பிறந்த திருத்தணி, தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். வீட்டில் தெலுங்கு. முதல் வாக்கியத்தை ஒரு மொழியில் ஆரம்பித்து இன்னொன்றில் முடிப்பது அங்கே அதிசயமே இல்லை. எந்த மாநிலத்துக்கு இந்த ஊர் என்று பெரிய சண்டையே நடந்து, ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்போது இவர் டெல்லியில் துணைக் குடியரசுத் தலைவர். எதிரே இருப்பவர் யார் என்று பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எல்லை ஊர்க்காரர்களுக்கு இயல்பாக வந்துவிடும் என்பது என் எண்ணம். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

1949-இல் நேரு இவரை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார். இவருக்கு முன் அங்கே இருந்த விஜயலட்சுமி பண்டிட்டை ஸ்டாலின் சந்திக்கவே இல்லை. இவரை 1950 ஜனவரியில் ஓர் இரவு கூப்பிட்டார். ஸ்டாலினிடம் இவர் அசோகர் கதையைச் சொன்னதாகப் பரவலாகச் சொல்வார்கள். ரத்த ஆறு ஓடிய வெற்றிக்குப் பிறகு எங்கள் அரசர் ஒருவர் போரையே விட்டார், நீங்களும் பலத்தால் அதிகாரத்துக்கு வந்தவர்தானே, உங்களுக்கும் அப்படி நடக்கலாம், யார் கண்டது என்றாராம். அற்புதங்கள் சிலசமயம் நடக்கும்தான், நானும் ஐந்து வருஷம் பாதிரியார் பள்ளியில் இருந்தவன் என்றாராம் ஸ்டாலின்.

யோசித்துப் பாருங்கள். "நீ கொலைகாரன்" என்பதைத்தான் இவர் சொல்கிறார். ஆனால் கதைக்குள் வைத்து, தப்பித்துப் போக ஒரு வாசலும் திறந்துவைத்துச் சொல்கிறார். அந்த வாசல் இல்லாவிட்டால் அங்கே பேச்சே நடந்திருக்காது. (நம்ம கமென்ட் பாக்ஸ் சண்டைகளில் யாராவது வாசல் வைக்கிறோமா?)

1952 ஏப்ரலில் விடைபெறும்போது ஸ்டாலின் கன்னத்தைத் தட்டினாராம். என்னை அரக்கனாக நினைக்காமல் மனுஷனாக நடத்திய முதல் ஆள் நீங்கள் என்று அவர் நெகிழ்ந்ததாகக் கதை போகிறது. பதினோரு மாதத்தில் ஸ்டாலின் இறந்துபோனார். இந்தக் கதை எனக்கு இனிக்கவும் செய்கிறது, உறுத்தவும் செய்கிறது. குலாக் முகாம்களில் லட்சக்கணக்கானோர் கிடந்த காலம் அது. அவர்கள் கன்னத்தை யார் தட்டினார்கள்?

1957-இல் சீனா போனபோது மாவோவின் கன்னத்தையும் தட்டினார். திகைத்து நின்ற மாவோவிடம், பயப்படாதீர்கள், ஸ்டாலினுக்கும் போப்புக்கும் இதையேதான் செய்தேன் என்றாராம். அப்போது பீஜிங்கில் பணியாற்றிய நட்வர் சிங் இதை எழுதியிருக்கிறார். ஐந்தே வருஷத்தில், 1962 அக்டோபரில், சீனப் படை எல்லை தாண்டியது. தட்டிக்கொடுத்ததால் எதுவும் நின்றுவிடவில்லை.

கன்னம் தட்டிய அதே ஆள் அப்புறம் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேரு இவருடைய நெருங்கிய நண்பர். மாநிலங்களவையை இவர் நடத்தும் விதத்தைப் பார்த்து, குடும்பக் கூட்டம் மாதிரி ஆக்கிவிட்டார் என்று பாராட்டியவர். அந்த நண்பரின் அரசு எல்லையில் கோட்டை விட்டபோது, எளிதில் நம்பிவிடும் குணமும் அலட்சியமும்தான் காரணம் என்று குடியரசுத் தலைவர் நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். சர்வாதிகாரியிடம் கதையாகச் சொன்னவர், சிநேகிதரிடம் கதையே வைக்கவில்லை. 1967 குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் உரையிலும், பதவி முடியப்போகும் நேரத்தில், நாட்டின் வளங்களை நிர்வகிப்பதில் உள்ள திறமையின்மையை வெளிப்படையாகச் சாடினார். அப்போது பிரதமர், நேருவின் மகள்.

மே மாதம் பதவி முடிந்ததும் சென்னைக்கு, மயிலாப்பூர் வீட்டுக்கு வந்துவிட்டார்.