16 ஜிபி வாங்கினீங்க, 8 ஜிபி தான் காட்டுதா? செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்பில் கோளாறு ரேமிலா, ஸ்லாட்டிலா?

டெல்லி நேரு பிளேஸிலோ, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஒரு பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கி வந்திருக்கிறீர்கள். பில்லில் '16 ஜிபி ரேம்' என்று இருக்கிறது. வீட்டில் ஆன் செய்தால் 8 ஜிபி தான் காட்டுகிறது. கடைக்கு போன் போட்டால், "ஒரு ரேம் போயிருக்கும் சார், புதுசா ஒண்ணு வாங்கி போட்டுக்கோங்க" என்கிறார்கள்.

அவசரப்பட்டு வாங்காதீங்க. ரேம் நன்றாக இருந்து, அது உட்காரும் ஸ்லாட்டிலோ சிபியு சாக்கெட்டிலோ கோளாறு என்றால், புது ரேம் போட்டாலும் அதே 8 ஜிபி தான் காட்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்கு, தப்பாகக் கணித்தால் நஷ்டமும் பெரிது. எது கெட்டிருக்கிறது என்பதை ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம். கடை கொடுத்த டெஸ்டிங் வாரண்டி முடிவதற்குள் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக 8-ம் தலைமுறை சிபியுவாவது வேண்டும். அதனால் 6, 7-ம் தலைமுறை மெஷின்களை ஆபீஸ்கள் கழித்துவிடக் காரணம் இருக்கிறது. பல வருஷம் ஓடிய மெஷினை கழற்றி, துடைத்து, ரேம் மாற்றிப் போட்டுத்தான் விற்கிறார்கள். ஸ்லாட் பிரச்னை பெரும்பாலும் இந்தக் கை மாறும் வேலையில்தான் வருகிறது.

கேபினெட்டைத் திறக்கும் முன்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' எவ்வளவு என்று அங்கேயே தெரியும். 16 ஜிபியில் 15.8 ஜிபி தான் பயன்படும் என்று காட்டினால் கவலை வேண்டாம், போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

மொத்தம் 16 என்று காட்டிவிட்டு பாதி 'ரிசர்வ்டு' என்று இருந்தால், எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் மெமரி' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சிலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். பயாஸிலேயே 8 ஜிபி தான் தெரிகிறது என்றால் விண்டோஸைக் குறை சொல்லிப் பயனில்லை, கேபினெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

திறப்பதற்கு முன் ஒரு விஷயம். கடைக்காரர் ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் இருந்தால் கிழிக்காதீர்கள். போட்டோ எடுத்து, "ரேம் செக் பண்ண திறக்கலாமா?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்க

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்துங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். எந்த ரேம் எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று போட்டோ எடுங்கள். ரேம்களில் பென்சிலால் 1, 2 என்று குறித்த துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் குழப்பம் வராது.

இப்போது ஒரே ஒரு ரேமை மட்டும், வேலை செய்வதாகத் தெரியும் ஸ்லாட்டில் போடுங்கள். ஆன் ஆனால் அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஸ்லாட்டில் போடுங்கள். இரண்டும் அங்கே ஓடினால் ரேம் மேல் பழி இல்லை. பிறகு ஒரு நல்ல ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பவர் கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். ரேமை இடம் மாற்றிய பிறகு, முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கலாம். தானாக ரீஸ்டார்ட்டும் ஆகலாம். போர்டு புது அமைப்புக்குப் பழகுகிறது, இரண்டு நிமிஷம் பொறுங்கள். சில போர்டுகளில் ஒற்றை ரேமை ஒரு குறிப்பிட்ட ஸ்லாட்டில் போட்டால்தான் கிளம்பும். அது எது என்று அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். அதைப் பார்க்காமல் 'ஸ்லாட் செத்துப்போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். பட்டன் செல்லைக் கழற்றி, சில நிமிஷம் கழித்து மாட்டி பயாஸை ரீசெட் செய்தும் ஒருமுறை பாருங்கள்.

எதில் கோளாறு என்றால் என்ன அர்த்தம்?

ஒரு ரேம் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால், ஒன்று அது கெட்டது, இல்லை பொருந்தாதது. டிடிஆர்3-ல் 240 பின், டிடிஆர்4-ல் 288 பின். வெட்டு இருக்கும் இடமும் வேறு. அதனால் ஒன்றை இன்னொன்றில் தவறிப் போட முடியாது. ஆனால் சர்வரில் இருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அளவும் பொருந்தும். சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டிக்கொள்ளாதீர்கள். 'ஏஎம்டி ஒன்லி' என்று எழுதி விற்கும் டிடிஆர்3 ரேமும் இன்டெல் போர்டுக்கு ஆகாது.

ஒரே ஒரு ஸ்லாட் மட்டும் எந்த ரேமையும் ஏற்கவில்லை என்றால், முதலில் தூசியைச் சந்தேகியுங்கள். ரேமின் தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். ஸ்லாட்டுக்கு பிளோயர் காற்றும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டால் நன்றாகக் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், உள்ளே குண்டூசி விட்டுக் கிளறவே வேண்டாம். மும்பை, சென்னை மாதிரி கடலோர ஊரில் ஓடிய மெஷினில் பச்சை படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரேமை அழுத்தும்போது இரு முனையும் 'டிக்' என்று உட்கார வேண்டும். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும். அந்த மாதிரி போர்டில் மறுமுனை அரைகுறையாக நிற்பதுண்டு.

மூன்றாவது வகைதான் ஆளைச் சுற்றவிடும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டிரண்டாக, ஏ, பி என்று இரண்டு சேனல்கள் உண்டு. ஒரு சேனலின் இரண்டு ஸ்லாட்டும் சேர்ந்து படுத்துவிட்டால், கோளாறு பெரும்பாலும் ஸ்லாட்டில் இல்லை. மெமரி கன்ட்ரோலர் இப்போது சிபியுவுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் அதை டெஸ்க்டாப் சிபியுவுக்குள் கொண்டுவந்தன. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும், கூலர் ஸ்க்ரூவை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கினாலும் ஒரு சேனல் மொத்தமாகக் காணாமல் போகும்.

எனக்கு இப்படித்தான் ஆனது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு புது ரேம் வாங்கினேன், அப்பவும் 8 ஜிபி. கடைசியில் கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கியதும் 16 வந்தது. வாங்கிய ரேம் இன்னும் டிராயரில் கிடக்கிறது. உங்களுக்கு அதுவும் பலிக்கவில்லை என்றால் சிபியுவைக் கழற்றி பின்களைப் பார்க்க வேண்டும், தெர்மல் பேஸ்ட்டும் புதிதாக வைக்க வேண்டும். வாரண்டி இருக்கும்போது அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். வளைந்த பின்னுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சொல்லிவிடுவார்கள்.

16 வந்துவிட்டது, அவ்வளவுதானா?

இல்லை. எண் சரியாகக் காட்டினாலும் தொடர்பு அரைகுறையாக இருக்கலாம். மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பை பென் டிரைவில் ஏற்றி, இரவு ஓடவிடுங்கள். காலையில் ஒரு எரர் இருந்தாலும் அந்த மெஷினில் வேலை பார்க்காதீர்கள். காப்பி செய்யும் ஃபைல் சத்தமில்லாமல் கெடும், பேக்கப்பிலும் கெட்டதே போய் உட்காரும். எரர் வந்தால் ரேமை ஒவ்வொன்றாக வைத்து டெஸ்ட்டைத் திரும்ப ஓட்டுங்கள்.

வைத்துக்கொள்வதா, திருப்புவதா?

நான்கில் ஒரு ஸ்லாட் மட்டும் போயிருந்து, மெம்டெஸ்ட் சுத்தமாக இருந்தால், விலையைக் குறைக்கச் சொல்லி வைத்துக்கொள்ளலாம். மீதி ஸ்லாட்டில் சேனலுக்கு ஒன்றாக இரண்டு ரேம் போட்டால் வேகமும் குறையாது. ஸ்லாட்டையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 288 பின்னை உருக்கி எடுத்து மறுபடி பற்றவைக்கும் கூலிக்கு வேறு பழைய போர்டைத் தேடலாம். ஒரு சேனல் முழுக்கப் போயிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

திருப்பப் போகும்போது, ஒரே ரேம் ஒரு ஸ்லாட்டில் ஓடி இன்னொன்றில் ஓடாததை வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து, அன்றைக்கே கடைக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்த பிறகு "ரேம் தான் சார் போச்சு" என்று சொல்வது கஷ்டம்.