இழந்த படச்சுருளும் தேடிய அன்பரும்

ஏட்டில் எழுதப்பட்ட நூல்கள் செல்லரித்தும் தீப்பட்டும் அழிந்தமை தமிழறிந்தோர் யாவர்க்கும் தெரிந்ததே. அச்சுப்பொறி வந்தபின் ஒரு நூலுக்கு ஆயிரம் பிரதிகள் உண்டாயின. ஆகவே இனி அழிவில்லை என்னும் நம்பிக்கை பிறந்தது. அந்நம்பிக்கை திரைப்படத்திற்கும் பொருந்துமென்று எண்ணுதல் இயல்பே. ஒரே படம் ஒரே காலத்தில் பல நகரங்களிற் காட்டப்படும்போது அதன் பிரதிகள் யாவும் ஒருங்கே மறைந்தொழிதல் எங்ஙனம் என்று வினவத் தோன்றும். ஆயின் வரலாறு வேறு விதமாகவே நடந்தது. ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ஏறக்குறைய 11,000 முழுநீள மௌனப்படங்களுள், முதலில் வெளிவந்த வடிவிலேயே எஞ்சியிருப்பவை 14 சதவீதமே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. தமிழின் முதற் பேசும்படமாகக் கொள்ளப்படும் ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றுதானும் பேணப்படவில்லை.

இவ்வழிவுக்குக் காரணங்கள் பல. அக்காலத்துப் படச்சுருள்கள் நைத்திரேற்றுச் சேர்ந்த ஒரு பொருளினால் ஆக்கப்பட்டவை. அப்பொருள் எளிதில் தீப்பற்றும். பற்றிய தீ நீரினுள்ளும் அணையாது எரியும். தீயினின்றும் தப்பினாலும், வெப்பமும் ஈரமும் மிக்க இடத்திற் கிடந்தால் முதலிற் பிசுபிசுத்துப் பின்னர்ப் பொடியாகிவிடும். இஃது இயற்கையால் நேரும் கேடு. மனிதரால் நேர்ந்த கேடு இதனினும் பெரிது. பேசும்படம் வந்தபின் மௌனப்படத்திற்கு வருவாயில்லை. படச்சுருளிற் படிந்திருந்த வெள்ளியோ விலைபோகக்கூடியது. ஆகவே வெள்ளியை எடுத்துக்கொண்டு படத்தை அழித்தோர் பலர். இடமில்லையென்று எரித்தோரும் உளர். படம் வணிகப்பொருளாக மட்டும் எண்ணப்பட்ட காலத்தில், விலைபோகாத பொருளைப் பேணவேண்டுமென்னும் எண்ணம் உரியோர்க்குத் தோன்றவில்லை.

இவ்வாறு இழக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட படங்களுள் ‘மெற்றோபொலிஸ்’ என்னும் ஜேர்மானியப் படத்தின் வரலாறு ஆராயத்தக்கது. அதனை இயக்கியவர் பிரிற்ஸ் லாங். கதையை எழுதியவர் அவர்தம் மனைவியார் தேயா வொன் ஹார்பூ. 1925ஆம் ஆண்டு தொடங்கிய படப்பிடிப்பு மறு ஆண்டின் பிற்பகுதி வரை நீடித்தது. 50 இலட்சம் மார்க்குக்கு மேற் செலவாயிற்று. வருங்கால நகரொன்றில் மேலே மாளிகைகளில் வாழும் செல்வரும், நிலத்தின்கீழ் இயந்திரங்களோடு உழலும் தொழிலாளரும் அதன் பொருளாவர். 1927ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி பேர்லின் நகரில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, படச்சுருளின் நீளம் 4,189 மீற்றர். ஓடிய நேரம் ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம்.

அந்த முழுப்படத்தைக் கண்டோர் சிலரே. படத்தை ஆக்கிய ஊபா நிறுவனம் கடனில் மூழ்கி, அமெரிக்க நிறுவனங்களோடு முன்னரே உடன்படிக்கை செய்திருந்தது. அமெரிக்காவில் வெளியிடுமுன் படம் மிக நீண்டதென்று கருதப்பட்டமையால், சானிங் பொலொக் என்னும் நாடகாசிரியரைக் கொண்டு அதனைச் சுருக்கினர். கதையில் ஹெல் என்னும் பெண்ணொருத்தி உண்டு. விஞ்ஞானியாகிய ரொத்துவாங் அவளைக் காதலித்தான். அவளோ நகரின் தலைவனை மணந்து, மகனைப் பெற்று மாண்டாள். அவளை மீண்டும் பெறவேண்டும் என்ற வேட்கையே விஞ்ஞானி இயந்திரப்பெண்ணை ஆக்கியதன் காரணம். அவள் பெயர் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்து ஒலிக்குமென்று அவளைப்பற்றிய பகுதி முழுவதையும் நீக்கிவிட்டனர். காரணம் நீங்கவே காரியமும் பொருளிழந்தது; ரொத்துவாங் ஏதுமின்றித் தீமை செய்யும் பித்தனானான். 1927ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியிலும் படம் 3,241 மீற்றராகக் குறைக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தது. நாலிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதி அவ்வாறு மறைந்தது.

பின்வந்த தலைமுறையினர் இக்குறைந்த வடிவையே கண்டனர். கண்டவர் பலர் காட்சிகளின் பெருமையை வியந்து, கதையின் பொருத்தமின்மையைக் குறைகூறினர். அக்குறை ஆக்கியோர் செய்ததன்று, வெட்டியோர் செய்தது என்பதை நிறுவுவதற்குச் சான்று வேண்டியிருந்தது. அச்சான்றைத் தேடியோருள் முதன்மையானவர் மியூனிக் திரைப்பட நூதனசாலையின் தலைவராயிருந்த என்னோ பட்டாலாஸ் ஆவர். காணாமற்போன காட்சிகளை அவர் படச்சுருள்களில் மட்டும் தேடினாரல்லர், காகிதங்களிலும் தேடினார். தணிக்கை அலுவலகத்தார் தம் கடமைக்காகப் படத்தின் எழுத்துக்களையெல்லாம் ஒன்றும் விடாது பதிந்து வைத்திருந்தனர். கொட்பிரீற் ஹுப்பேர்ட்ஸ் என்னும் இசைவல்லுநர் அப்படத்திற்கென்று இயற்றிய இசையின் ஏட்டில், எந்த இசைக்கு எந்தக் காட்சி திரையில் தோன்றவேண்டுமென ஆயிரத்திற்கு மேற்பட்ட குறிப்புக்கள் இருந்தன. வாத்தியக்காரர் காட்சிதவறாது வாசிப்பதற்கென எழுதப்பட்ட அக்குறிப்புக்களே, அறுபது ஆண்டுகளின் பின்னர்க் காட்சிகளின் முறைவைப்பை அறிதற்குக் கருவியாயின. இவற்றின் துணைகொண்டு 1987ஆம் ஆண்டில் ஒரு வடிவும், 2001ஆம் ஆண்டில் அதனினும் செம்மையான வேறொரு வடிவும் ஆக்கப்பட்டன. இல்லாத காட்சிகள் இருக்கவேண்டிய இடத்தில் அவற்றின் செய்தி எழுத்தாற் கூறப்பட்டது. 2001ஆம் ஆண்டிலேயே அப்படம் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. எனினும் எஞ்சிய காட்சிகள் என்றென்றைக்கும் இழக்கப்பட்டன என்பதே அறிஞர் முடிபாயிருந்தது.

அம்முடிபு பிழையானது என்பதற்குரிய சான்று, ஆர்ஜென்ரீன நாட்டுத் தலைநகராகிய புவனஸ் அயர்ஸில் அக்காலமெல்லாம் இருந்தது. படத்தைச் சுருக்குமுன்னரே, அந்நகரின் படவிநியோகத்தரான அடொல்போ வில்சன் என்பவர் முழுப்பிரதியொன்றை வாங்கிச் சென்றிருந்தார். மக்களுக்குக் காட்டப்பட்ட பின்னர் அது மானுவேல் பெனியா ரொட்ரீகெஸ் என்னும் திரைப்பட விமரிசகரின் கைக்கு வந்தது. பழைய படங்களின்மேற் பற்றுடைய அவர் அதனைத் தம் சேகரிப்பில் வைத்துப் பேணினார். திரைப்படக் கழகங்களில் அஃது அவ்வப்போது காட்டப்பட்டது. கண்டோர் மகிழ்ந்தனர், ஆயின், தாம் காண்பது உலகில் வேறெங்கும் காணக்கிடையாத காட்சி என்பதை அவர் அறிந்திலர். ஜேர்மனியில் இருந்தோர் எது இல்லை என்பதை அறிந்திருந்தனர்; அது கிடக்குமிடம் அறிந்திலர். பொருள் ஓரிடத்தும் அதன் அருமையைப் பற்றிய அறிவு வேறோரிடத்துமாகப் பிரிந்திருந்தமையே அப்படம் இழக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டமைக்குக் காரணமாம்.

1960களில் அச்சேகரிப்பு அந்நாட்டின் தேசியக் கலை நிதியத்திடம் சேர்ந்தது. நைத்திரேற்றுச் சுருள் தீயாபத்து உடையதாகலின், பின்னர் அது 16 மில்லிமீற்றர் அகலமுள்ள ஆபத்தற்ற சுருளிற் பிரதிசெய்யப்பட்டு, மூலச்சுருள் அழிக்கப்பட்டது. இப்பிரதி 1992ஆம் ஆண்டில் அந்நகரின் திரைப்பட நூதனசாலைக்கு மாற்றப்பட்டது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறியபோதெல்லாம் அதன் பெயர் பட்டியலிற் பதியப்பட்டது. அதன் நீளத்தை ஆராய்ந்தவர் இலர்.

இந்நிலையில், பெர்னாண்டோ பெனியா என்னும் திரைப்பட வரலாற்றாசிரியர் தம் இளமையிற் கேட்ட ஒரு செய்தி பயன்பட்டது. திரைப்படக் கழகமொன்றை நடத்திய முதியவர் ஒருவர், தாம் முன்னொரு காலத்தில் ‘மெற்றோபொலிஸ்’ படத்தைக் காட்டியபோது பட்ட இடரைப்பற்றிக் கூறினார். சுருள் பழையதாகையாற் படம் திரையில் நிலைகொள்ளாது துள்ளியதாம். அதனை நிறுத்துவதற்காக, படங்காட்டும் பொறியில் இரண்டு மணித்தியாலத்திற்கு மேலாகத் தாம் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க நேர்ந்ததாம். கேட்ட பிறர்க்கு அது நகைப்புக்குரிய பழங்கதை. பெனியாவுக்கோ அது கணக்காகத் தோன்றிற்று. அக்காலத்து வழங்கிய குறுகிய பிரதிகளைக் காட்டுதற்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. அவ்வாறாயின் அம்முதியவர் காட்டிய படம் எது? இவ்வினாவை அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாது பற்றியிருந்தார். சுருள்களைப் பார்வையிடும் வாய்ப்பு மட்டும் அவருக்கு நெடுங்காலம் கிட்டவில்லை.

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர்தம் முன்னாள் மனைவியாராகிய பாவுலா பெலிக்ஸ் டிடியே அந்நூதனசாலையின் தலைவராக நியமனம் பெற்றார். இருவரும் சேர்ந்து தேடியபோது சுருள்கள் அங்கேயே இருக்கக் கண்டனர். ஓட்டிப் பார்த்தபோது உலகம் இழந்துவிட்டதாகக் கொண்ட காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. பாவுலா அம்மையார் அவற்றின் பிரதியை ஜேர்மனிக்குக் கொண்டுசென்று அறிஞர்க்குக் காட்டினார். ஐயம் நீங்கியபின், அவ்வாண்டு யூலை மாதத்திற் செய்தி உலகெங்கும் பரவிற்று.

புதிதாகக் கிடைத்த பகுதி ஏறத்தாழ 25 நிமிடம் ஓடுவது. அதனாற் படம் நீண்டது என்பது சிறிது. கதை தெளிந்தது என்பதே பெரிது. தலைவன் மகனோடு உடைமாற்றிக்கொண்ட தொழிலாளி நகரின் களியாட்டில் மயங்கித் தன் கடமையை மறத்தலும், தலைவன் ஏவிய ஒற்றன் பின்தொடர்ந்து அச்சுறுத்தலும், ஹெல்லின் நினைவுச்சிலையின் முன் இரு பகைவர் எதிர்ப்படுதலும் தத்தம் இடத்தைப் பெற்றன. முன்னர் நிழல்போல் வந்துபோன பாத்திரங்கள் உயிருடைய மாந்தராயினர். நியூசிலாந்தில் இருந்த வேறொரு பிரதியிலிருந்தும் சில சிறு காட்சிகள் எடுத்துச் சேர்க்கப்பட்டன. இவ்வாறு செப்பஞ்செய்யப்பட்ட படம் 2010ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி, ஹுப்பேர்ட்ஸின் இசையோடு பேர்லினிலும் பிராங்பேர்ட்டிலும் ஒருங்கே காட்டப்பட்டது. அப்போது லாங் மறைந்து 33 ஆண்டுகள் கழிந்திருந்தன.

எனினும் மீட்பு முழுமையானதன்று. மூலச்சுருளிலிருந்த கீறல்களும் எண்ணெய்க் கறைகளும் பிரதிசெய்தபோது படத்தோடு படமாகப் பதிந்துவிட்டன. சுருளின் வடிவு வேறாகையாற் காட்சியின் ஓரமும் வெட்டுண்டது. ஆகவே ஆர்ஜென்ரீனப் பகுதி வரும்போதெல்லாம் திரை மங்கி, மழை பெய்தாற்போலக் கோடுகள் தோன்றுகின்றன. மூலம் அழிக்கப்படாதிருந்தால் இவ்விழுக்கு நேர்ந்திராது. ஆபத்தைத் தவிர்க்கவே அழித்தனர் என்பது உண்மை. பிரதிசெய்தவர் செய்திராவிடின் ஒன்றுமே எஞ்சியிராது என்பதும் உண்மை. ஆயின் பிரதி உண்டாயிற்றென்று மூலத்தைக் கைவிடுதல் எத்துணைப் பிழை என்பதற்கு அக்கோடுகளே சாட்சி.

தற்செயலாகப் பொருள் அகப்படுதலும் உண்டு. காள் டிரேயர் 1928ஆம் ஆண்டில் ஆக்கிய ஜோன் என்னும் வீரமங்கையின் படம் தீக்கிரையாயிற்றெனக் கொள்ளப்பட்டிருக்க, அதன் முதல்வடிவுப் பிரதி 1981ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு மனநோய் மருத்துவமனையொன்றிற் கிடைத்தது. அங்கு அதனைத் தேடியவர் இலர். ஆயினும், கிடைத்தது இன்னதென்று துணிதற்கு முதல்வடிவு எத்தகையது என்பதை அறிந்தோர் வேண்டியிருந்தனர். அறிந்தார் இல்லாத இடத்தில் அரும்பொருளும் பழைய தகரப்பெட்டியாகவே கிடக்கும்.

ஆதலின் இத்தேட்டத்தில் அன்பர்க்குரிய இடம் யாதென்பது தெளிவாகும். நிறுவனங்கள் படத்தைச் சொத்தாகக் கருதின. வருவாய் தீர்ந்தவுடன் கைவிட்டன. விமரிசகர் ஒருவர் விருப்பினால் வாங்கி வைத்தார்; கழகத்தார் விருப்பினாற் காட்டினர்; வரலாற்றாசிரியர் ஒருவர் விருப்பினால் ஒரு பழங்கதையை மறவாதிருந்தார். ஆயின் விருப்பு மட்டும் போதியதன்று. தணிக்கையாளர் பதிவும் இசையேட்டின் குறிப்பும் இல்லையாயின், கிடைத்த காட்சிகளை எங்கே வைப்பதென்பது விளங்கியிராது. அன்பர் அன்பும் எழுதுவோர் கணக்கும் கூடியபோதே இழந்தது மீண்டது.

துறவியொருவர் கோயிலில் உபதேசிக்கும் காட்சியும், நகரத்தலைவனும் ரொத்துவாங்கும் கைகலக்கும் காட்சியும் புவனஸ் அயர்ஸ் பிரதியினின்றும் கிடைத்தில. 2010ஆம் ஆண்டு வடிவில் அவ்விடங்களில் இன்ன காட்சி இங்கே இருந்தது என்னும் எழுத்து மட்டுமே தோன்றும். செப்பஞ்செய்தோர் அக்குறையை மறைத்துக் கதையை இணைத்திருக்கலாம், அங்ஙனம் செய்திலர். இல்லாததை இல்லையென்று எழுதி, அதன் இடத்தை ஒழித்து வைத்திருக்கின்றனர். வேறொரு நகரில் வேறொரு பெட்டியைத் திறப்பவர் ஒருவர், தம் கையிலிருப்பது யாதென அறிந்துகொள்வதற்கு அவ்வெழுத்தே துணையாகும்.