எந்த வாகனமும் கூடாது: சீவலப்பேரியில் ஒரு மெட்டடாரின் வரலாறு

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை கூடாது. குடை கூடாது. செருப்பு கூடாது. மீறிய சேரிகளில் குடிசைகள் எரிந்தன. 1931இல் இந்தத் தடைகள் பதினொன்றாக நீண்டன. அதில் ஒன்று வாகனம் பற்றியது. கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது. வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் உபயோகிக்கக் கூடாது. 1931 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன், 1946இல் வந்த தன்னுடைய சாதி பற்றிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கதவைக் கழற்றிப் பல்லக்காக்கு என்று சொன்னவன் சாதாரண ஆள் இல்லை. கதவைக் கழற்றினால் வீடு திறந்து கிடக்கும். நீ சாலையில் போக வேண்டுமென்றால் உன் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போ என்கிறான். சாதியைப் பற்றிப் பேசும்போது நாம் கிணற்றைப் பேசுகிறோம், கோயிலைப் பேசுகிறோம், டீக்கடைக் கிளாசைப் பேசுகிறோம், சுடுகாட்டைப் பேசுகிறோம். சக்கரத்தைப் பற்றிப் பேசியது குறைவு. ஆனால் அவர்கள் சக்கரத்தை மறக்கவே இல்லை.

நமக்கு மேற்கே, திருவிதாங்கூரில், வெங்கானூர் அய்யன்காளி 1893இல் ஒரு வில்லுவண்டி வாங்கி, அதில் காளை பூட்டி, புலையருக்கு மறுக்கப்பட்ட சாலையில் ஓட்டிப் போனார். அது ஒரு பயணமா? இல்லை, போராட்டம். அம்பேத்கர் தன் வாழ்வில் நடந்த தீண்டாமைக் கொடுமைகளை எழுதியபோது வண்டியில் இருந்துதான் தொடங்கினார். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்பட்ட சிறுவன் பீமனுக்கும் அவனோடு வந்த பிள்ளைகளுக்கும் மாட்டுவண்டிக்காரன் வண்டி ஓட்ட மறுத்தான். இரட்டைக் கூலி கேட்டான். பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், தான் நடந்து வருவேன் என்றான். 1929இல் அதே பீமராவ் பாரிஸ்டராகச் சாலிஸ்காவில் போய் இறங்குகிறார். குதிரைவண்டிக்காரர்கள் மகாருக்கு வண்டி ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். பழக்கமில்லாத ஒருவர் ஓட்டி, வண்டி கவிழ்ந்து, அவர் கால் முறிகிறது. இருபத்தெட்டு வருசத்தில் படிப்பு மாறியது, பட்டம் மாறியது. வண்டிக்காரன் மாறவில்லை.

இங்கே இரட்டைமலை சீனிவாசன் முதலானோர் சட்டசபையில் போராடி, பொதுச் சாலை எல்லாருக்கும் பொது என்ற அரசாணை 1924இல் வந்தது. சாலை பொது, சரி. சாலையில் ஓடுகிற பஸ்? பஞ்சமருக்கு இடமில்லை என்று சொன்ன பஸ் முதலாளிகள் இருந்தார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. உத்தரவு போடும் அளவுக்கு அது நடப்பாக இருந்தது என்பதுதான் இதில் நாம் படிக்க வேண்டிய பாடம்.

இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் எங்கள் வீட்டு வண்டியின் கதையைச் சொல்லுகிறேன்.

*

சீவலப்பேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1994இல் வந்த 'சீவலப்பேரி பாண்டி' சினிமா ஞாபகம் வரும். தமிழ் படித்தவர்களுக்கு முக்கூடற் பள்ளு ஞாபகம் வர வேண்டும். தாமிரபரணியும் சிற்றாறும் கோதண்டராம நதி என்கிற கயத்தாறும் கூடுகிற முக்கூடல் எங்கள் ஊர்தான். எம்.ஏ. வகுப்பில் எனக்கு அந்தப் பள்ளின் சந்த நயத்தைப் பாடமாக நடத்தினார்கள். நெல்லுக்கு எத்தனை பெயர், மாட்டுக்கு எத்தனை பெயர் என்று பரீட்சையில் கேட்டார்கள். பண்ணைக்காரன் பள்ளனின் காலில் மரக்கட்டை மாட்டித் தண்டிக்கிறானே, அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அத்தனை நெல்லின் பெயரும் தெரிந்தவன் காலை அசைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். எங்கள் ஊரின் பெரிய இலக்கியத்தில் எங்கள் கால் இருக்கிற இடம் அதுதான்.

அந்தக் கால் பிறகு ஆக்சிலேட்டரில் ஏறியது. எங்க அய்யா முதலில் லோடுமேன். வாழைத்தாரும் செங்கலும் ஏற்றி இறக்கினார். அப்புறம் லாரிக் கிளீனர். அப்புறம்தான் டிரைவர். லோடு ஏத்துவதற்கு எங்கள் ஆட்கள் வேணும். ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு வருசக்கணக்கில் காத்திருக்க வேணும். 1991இல் பெரியய்யா சவூதியில் இருந்து அனுப்பின பணம், அம்மாவின் சங்கிலி, மேலே கடன் என்று சேர்த்து, பழைய மெட்டடார் பிக்கப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். புனேயில் பஜாஜ் டெம்போ கம்பெனி 1969 முதல் போட்ட வண்டி. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். 2000த்தோடு மெட்டடார் நின்றுபோனது, 2005இல் கம்பெனியின் பெயரே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த உருவத்தில் எது வந்தாலும் இன்றைக்கும் மெட்டடார்தான்.

அய்யா இறந்த பிறகு வண்டி பன்னிரண்டு வருசம் வேப்ப மரத்தடியில் நின்றது. கோழி முட்டை வைத்தது. பழைய இரும்புக்காரர் மூன்று தடவை விலை பேசிவிட்டுப் போனார். 2021இல் பழைய வாகனங்களை உடைப்பதற்கு மத்திய அரசு கொள்கை கொண்டுவந்தது. 2022 ஏப்ரலில் இருந்து பதினைந்து வயது தாண்டிய வண்டிகளுக்கு எப்.சி. கட்டணம் பல மடங்கு ஏறியது. "எடைக்குப் போட்டாலும் நட்டம், ஓட்டினாலும் நட்டம்" என்றான் தம்பி. அப்படிச் சொன்னவனே 2023இல் பாளையங்கோட்டையில் ஒரு பட்டறைக்கு அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

*

துருவை அழுக்கு என்று நினைக்கிறோம். பட்டறை அண்ணாச்சி அதைப் படித்துக் காட்டினார். "இது மழையில நனைஞ்ச துரு இல்ல தாயி, உப்புத் துரு" என்றார். உப்புப் பட்ட ஈரம் இரும்பை வெறும் தண்ணீரைவிடச் சீக்கிரம் தின்னும். அய்யா தூத்துக்குடி அளத்தில் இருந்து உப்பு மூட்டை ஏற்றி ஊர் ஊராகப் போட்டவர். பின்பக்கப் பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம் பொரியாக உதிர்ந்தது. அது உப்பும் உரமும். டிரைவர் காலடித் தகட்டில் கை நுழைகிற ஓட்டை. அது வயல் சகதியோடு ஏறி உட்கார்ந்து ஓட்டின கால். பக்கத்துச் சீட்டுக் கதவின் கீழ்விளிம்பு மட்டும் அவ்வளவாகத் துருவில்லை. அந்தச் சீட்டில் ஆள் உட்கார்ந்தது குறைவு. எங்கள் தெருச் சனம் பின்னாலேதான் ஏறும். நடவுக்குப் போன பொம்பளைகளும், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போனவர்களும் பின்னால் சாக்கு விரித்துத்தான் போனார்கள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் வருகிற காலம் இல்லை அது.

வேலை என்னவென்றால், பாடியைச் சேசிஸில் இருந்து பிரித்தார்கள். கம்பி பிரஷும் எமரித் தாளும் போட்டு உரசினார்கள். உளுத்த தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். பிஸ்டன் ஜாமாகிக் கிடந்தது. இஞ்செக்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றி, நாலு நாள் ஊற வைத்து, ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார்கள். அவசரப்பட்டுச் செல்ப் அடித்திருந்தால் எஞ்சின் உடைந்திருக்கும். கிடைக்காத சாமான்களுக்குத் தம்பி சென்னை புதுப்பேட்டைக்குப் போய் இரண்டு நாள் அலைந்தான்.

பிரச்சினை பெயிண்டில் வந்தது. கேபினுக்கு மேலே இருக்கிற பெயர்ப் பலகையை உரசும்போது ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுந்து வந்தது.

மேலே இருந்தது 'முக்கூடல்'. எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து அதுதான். ரோட்டில் பார்த்தவர்கள் அம்பாசமுத்திரம் பக்கத்துப் பீடி ஊர் வண்டி என்று நினைத்துக்கொள்வார்கள். அய்யா திருத்த மாட்டார். அதற்குக் கீழே சிவப்பில் 'வீரன் சுந்தரலிங்கம்'. அதற்கும் கீழே முதல் சொந்தக்காரரின் பெயர், அவருடைய சாதிப் பட்டத்தோடு.

அம்மாவிடம் கேட்டேன். கதை வெளியே வந்தது. வண்டி வாங்கிய நாளில் இருந்தே அய்யாவுக்கு அந்தப் பட்டத்தை அழிக்க ஆசை. கையில் காசில்லை. பிறகு 1995 வந்தது. ஜூலையில் வீரசிகாமணியில் பஸ் ஓட்டிய நம் ஆள் ஒருவருக்கும் ஆதிக்க சாதி மாணவர்களுக்கும் ஏற்பட்ட தகராறில் தொடங்கிய கலவரம் தென்மாவட்டம் முழுக்கப் பரவியது. அதுவும் ஸ்டியரிங்கில் தொடங்கியதுதான் என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தது. டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர், லாரி என்று சனங்கள் வளைகுடாச் சம்பாத்தியத்தில் வாங்கியதை எல்லாம் தேடித் தேடி உடைத்தது. பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழையும் தீயில் போட்டது. கலகத்தை அடக்க வந்தவர்களுக்குத் தையல் மிஷின் என்ன செய்தது? 1931இன் கட்டளையை அறுபத்து நான்கு வருசம் கழித்துக் காக்கிச் சட்டை நிறைவேற்றியது என்றுதான் நான் சொல்வேன்.

அந்த மாதங்களில் எங்கள் வண்டிக்குக் கீறல் விழவில்லை. நெற்றியில் இருந்த அந்நியப் பட்டம் அதைக் காப்பாற்றியது. "அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஓட்டுறது செத்த பொணத்துச் சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியிறாப்ல இருக்குன்னு சொல்லுவாக. ஆனாலும் அழிக்கல. உங்களுக்குக் கஞ்சி ஊத்தணும்லா" என்றாள் அம்மா.

1997 மே 1ஆம் தேதி விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரிப் பள்ளர். (பள்ளர் உள்ளிட்ட ஏழு பிரிவுகளுக்கும் 2021இல் சட்டப்படி தேவேந்திரகுல வேளாளர் என்று பொதுப் பெயர் வந்தது.) அரசாங்க பஸ்ஸிலேயே நம் ஆள் பெயர் என்றதும் அய்யா பெயிண்டரைக் கூப்பிட்டார். ஆதிக்க சாதியினர் அந்தப் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவு. கடைசியில் ஜூலை 1இல் இருந்து மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயரைத் தாங்க முடியாமல் எல்லாப் பெயரையும் துடைத்த அரசு! அதற்கு முன்பே எங்கள் வண்டியின் முன்கண்ணாடி ரோட்டில் கல்லெறிபட்டு உடைந்திருந்தது. லோடு கொடுத்துக்கொண்டிருந்த கமிஷன் கடைக்காரர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். அய்யா திரும்பவும் பெயிண்டரைக் கூப்பிட்டார். பழைய பட்டத்துக்குப் போகவில்லை. ஊரின் பழம்பெயரை எழுதினார். பள்ளு தெரிந்தவனுக்கு அதில் எங்கள் பெயரும் இருக்கிறது.

1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்துக்கு அந்த 'முக்கூடல்' ஆள் ஏற்றிப் போனது. போலீஸ் அடித்து விரட்டியதில், குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். ஏற்றிப் போன ஆட்களைத் தலை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அய்யா வண்டியைக் கிளப்பினாராம். அதே ஆறுதான் எங்கள் ஊர்ப் பக்கமாக வந்து சிற்றாற்றோடு கூடுகிறது.

*

வெறும் தகடு வெளுப்பாகத் தெரிகிற மட்டும் சுரண்டணும், ஒரு பொட்டுத் துருவை விட்டாலும் அது பெயிண்டுக்கு அடியில் இருந்து தின்னும் என்பது பட்டறையின் விதி. அது சரியான விதி. அப்படிச் சுரண்டினால் மூன்று பெயரும் தூளாகிவிடும். வண்டி பிழைக்க வேண்டும் என்றால் வரலாறு போக வேண்டும். வரலாறு வேண்டும் என்றால் தகடு உளுக்கும். அண்ணாச்சிதான் வழி சொன்னார். பலகை தனித் தகடு, நாலு போல்ட்டுதான். கழற்றி எடுத்துவிட்டோம். பாதி உரசிய நிலையிலேயே அது இன்று எங்கள் தெரு அம்பேத்கர் படிப்பகத்தில் சுவரில் இருக்கிறது. மற்ற உடம்பு முழுக்க ரெட் ஆக்சைடு அடித்து, பட்டி பார்த்து, நீலம் அடித்தாயிற்று. எப்.சி.யும் வாங்கியாயிற்று.

புதுப் பலகையில் என்ன எழுதுவது? சுந்தரலிங்கம் பெயரைத் திரும்ப எழுத வேண்டும் என்றேன் நான். "அக்கா, நீ கட்டுரை எழுதிட்டுப் போயிருவ. வாழைத்தார் லோடு எனக்குல்லா நிக்கும்?" என்றான் தம்பி. அவனைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தைந்து வருசம் கழித்தும் ஒரு டிரைவர் பெயரை எழுதுமுன் லோடுக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், கோழை அவனா, இந்தச் சாலையா? இப்போதைக்குப் பலகை வெறுமையாக ஓடுகிறது.

கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கிறது. பணக்காரர்களின் கார்கள் மெருகு குலையாமல் நிற்கின்றன. நல்லது, நிற்கட்டும். சேரியின் முதல் சைக்கிள் எங்கே? சேரியின் முதல் டிராக்டர், பிரசவத்துக்கு ஆள் தூக்கிப் போன முதல் வேன் எங்கே? எடைக்குப் போட்டுவிட்டோம். கிலோ இத்தனை ரூபாய் என்று நம் வரலாற்றை நாமே நிறுத்து விற்றிருக்கிறோம்.

படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் முதலில் சக்கரம் வாங்கியவர் யார், என்ன விற்று வாங்கினார், எந்தத் தெரு வழியாக ஓட்ட விடவில்லை, எந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள், வண்டியில் என்ன பெயர் எழுதினார், எப்போது அழித்தார் என்று கேட்டு எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். துருப்பிடித்துக் கிடக்கிற வண்டி இருந்தால் இரும்புக்காரருக்குக் கொடுக்கும் முன்னால் அதன் பெயர்ப் பலகையை மெல்ல உரசிப் பாருங்கள். எந்த வாகனமும் கூடாது என்று சொன்னவர்களின் கட்டளை அச்சில் இருக்கிறது. அதை மீறி ஓட்டியவர்களின் பெயர்தான் இன்னும் அச்சில் ஏறவில்லை.