ஸ்டாண்டர்டு 2000: மொத்தம் எத்தனை வண்டிகள்?

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூரும் அதையடுத்து வண்டலூரும் வரும். வண்டலூர் என்றதும் உங்களுக்கு மிருகக்காட்சிசாலைதான் நினைவுக்கு வரும். வீட்டில் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், 'ஸ்டாண்டர்டு மோட்டார்' என்பார். 1948-இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. வான்கார்டு, ஹெரால்டு, 1972-இலிருந்து கெஸல் என்று அதன் வண்டிகள் சென்னைத் தெருக்களில் ஓடின.

கடைசியாக 1985-இல் வந்தது ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தில் 1976-இல் வெளியான ரோவர் எஸ்.டி.1 காரின் உடல்தான் இதற்கும். ரோவரிலோ மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின்; வேகத்திற்காக அந்நாட்டுப் போலீசாரே அதை வாங்கி ஓட்டினார்கள். நம் ஊரில் அதற்குள் வைத்தது பழைய வான்கார்டு என்ஜினின் வழிவந்த 1991 கன செ.மீ., நான்கு சிலிண்டர் என்ஜின். பந்தயக் குதிரையின் தோலைப் போர்த்திய வண்டி மாடு என்றால் அதை வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லிவிட்டேன். 1988-இல் உற்பத்தி நின்றது.

இந்த மூன்று ஆண்டுகளில் மொத்தம் எத்தனை வண்டிகள் வெளிவந்தன? ஆளுக்கொரு எண் சொல்லுகிறார்கள். வெறும் விளையாட்டுக் கேள்வியன்று இது. அத்தொழிற்சாலையின் கடைசித் தொழிலாளர்கள் செய்த வேலைக்கு அந்த எண்தான் கணக்கு. பழைய கார் வாங்குவோருக்கோ அது பணம். அமெரிக்காவில் 1969-இல் செவர்லே கமாரோவின் 'இசட்.எல்.1' என்ற அதிவேக வகை 69 மட்டுமே செய்யப்பட்டது. அந்த எண் தெரிந்திருப்பதால், எழுபதாவது வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தால் அது போலி என்று உடனே சொல்லிவிடலாம்.

கணக்கேடு கையில் இல்லாதபோது எண்ணுவது எப்படி? ஒரு சிறு சோதனை செய்வோம். தாம்பரத்தில் ஒரு தெரு. அதில் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக இலக்கம் இட்டிருக்கிறார்கள். நீங்கள் அத்தெருவைப் பார்த்ததே இல்லை. அத்தெருவுக்குப் போகும் ஐந்து கடிதங்கள் மட்டும் கண்ணில் படுகின்றன: 8, 23, 31, 47, 60. வீடுகள் எத்தனை? 60-க்குக் குறையாது. 60 வரையுள்ள எண்களில் ஐந்தைப் பார்த்துவிட்டோம், பாராதவை 55. அவை ஐந்து இடைவெளிகளில் கிடக்கின்றன. சராசரி இடைவெளி 11. 60-க்கு மேலேயும் அவ்வளவே இடைவெளி இருக்கும் என்று கொள்வது நியாயம். ஆகவே 71 வீடுகள்.

இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதத்திற்கு எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்டு மாதத்திற்கு உளவுத்துறை சொன்ன எண் 1550. பிடிபட்ட டாங்கிகளின் வரிசை எண்களைக் கொண்டு புள்ளியியலார் சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மானியர் கணக்கைத் திறந்து பார்த்தபோது இருந்தது 342! ரகிள்ஸ், பிராடி என்ற இருவர் இதை 1947-இல் விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அவர்களுக்கு மிகவும் கைகொடுத்தவை கியர்ப்பெட்டியின் எண்கள். அவைதாம் இடையில் அறுபடாமல் தொடர்ந்து சென்றன.

கார்களில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. என்ஜின் எண்ணை நம்பக் கூடாது. மாற்று என்ஜின்களுக்கும் அதே வரிசையில் எண் இட்டிருக்கலாம். சேசிஸ் எண்தான் வேண்டும். அதிலும் முன் எழுத்துகள் வகையையும் ஆண்டையும் குறிப்பனவாக இருக்கலாம். அவற்றை உரித்தெடுத்துவிட்டு வரிசை எண்ணை மட்டும் பார்க்க வேண்டும். வரிசை 1-இல் தொடங்காமல் 1001-இல் தொடங்கினால்? அதற்கும் வழி உண்டு. மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்து, பார்த்த எண்ணிக்கையில் ஒன்று கூட்டியதால் பெருக்கி, ஒன்று கழித்ததால் வகுத்து, இறுதியில் ஒன்றைக் கழியுங்கள். நம் தெருவில் 52-ஐ 6-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 78. ஒன்று போக 77. முன்பு 71 வந்ததே என்கிறீர்களா? தொடக்கம் தெரியாததற்குக் கொடுக்கும் விலை அது.

பிழையின் அளவையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து எண்களைக் கொண்டு, முதல் முறைப்படி 60 முதல் 109 வரை என்று எல்லை வகுக்கலாம். இப்படி வகுக்கும் எல்லைக்குள் இருபது தடவையில் பத்தொன்பது தடவை உண்மை அடங்கும். ஐந்துக்குப் பதில் இருபது எண்கள் கிடைத்தால், கண்ட பெரிய எண்ணுக்கு மேல் சுமார் 16 விழுக்காட்டிலேயே எல்லை நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எந்த வண்டியும் நம் கண்ணில் படச் சம வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது இக்கணக்கின் அடிப்படை. பழைய இரும்புக் கடை அப்படிப் பார்த்து வண்டிகளை உடைப்பதில்லை. கடைசி மாதங்களில் செய்த வண்டிகள் ஏதோ காரணத்தால் மொத்தமாக அழிந்திருந்தால், நம் விடை உண்மையைவிடக் குறைந்தே வரும். சூத்திரம் அதை நமக்குச் சொல்லாது. நல்ல வேளையாக, உடைந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் சேசிஸ் எண் எழுதியிருக்கும். உங்கள் தெருவில் யாராவது முன்னொரு காலத்தில் ஸ்டாண்டர்டு 2000 வைத்திருந்தால், வண்டியைக் கேட்காதீர்கள். அந்தப் புத்தகம் பரணில் இருக்கிறதா என்று கேளுங்கள்.