மாட்டர்ஹார்னும் அதன் அடிவாரத்து மாந்தரும்

சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லைக்கல்லாய், 4,478 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழும் மாட்டர்ஹார்ன் சிகரத்தின் சரித்திரத்தைச் சொல்ல வருவோர், 1865-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி எட்வர்ட் விம்பர் என்னும் ஆங்கிலேயர் அதன் உச்சியை அடைந்ததிலிருந்தே தொடங்குவர். அதற்கு நெடுங்காலம் முன்பே, வடக்கே ஸெர்மாட்டிலும் தெற்கே வால்தூர்னான்ஷ் பள்ளத்தாக்கிலும், மாடு மேய்த்தும், விளைந்த தானியத்தை எலிகள் அண்டாதபடி தட்டைக் கற்களின்மேல் உயர்த்திக் கட்டிய மரக் களஞ்சியங்களில் காத்தும், பனியாறு படர்ந்த தியோடுல் கணவாயைக் கடந்து வாணிபம் செய்தும் ஜீவித்த குடியானவர்கள் இருந்தனர். அக்கணவாயில் ரோமானிய நாணயங்கள் அகப்பட்டிருக்கின்றன. சிகரத்தின் உச்சியில் பாழடைந்த நகரம் ஒன்று உண்டென்றும், அதில் ஆவிகள் வசிக்கின்றன என்றும் அவர்களிடையே ஒரு நம்பிக்கை வழங்கிற்று.

விம்பருடன் அன்று உச்சி கண்டவர் அறுவர். இறங்குகையில், அனுபவமில்லாத ஹேடோ என்ற இளைஞர் கால் வழுக்கி, முன்னே சென்ற வழிகாட்டி மிஷேல் குரோவின் மீது விழ, ஒரே கயிற்றில் பிணைந்திருந்த ஹட்ஸனும் டக்ளஸ் பிரபுவும் உடன் இழுபட, அடுத்து நின்ற ஸெர்மாட்டின் முதிய வழிகாட்டி பீட்டர் டவுக்வால்டர் பாறையைப் பற்றிக்கொண்ட கணத்தில், அவருக்கும் டக்ளஸுக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வரும் மாண்டனர், டக்ளஸின் உடல் இன்றளவும் கிடைக்கவில்லை. தம் உயிரைக் காக்க டவுக்வால்டரே கயிற்றை அறுத்தார் என்ற அபவாதம் பரவியது. விசாரணை நடத்திய நீதிபதி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்; ஊர் வாயோ அவரை விடவில்லை. மலையேற்றத்தின் கீர்த்தி வெளியூராருக்கும் பழி உள்ளூராருக்கும் போய்ச் சேர்ந்த இந்த அநீதி என் நெஞ்சை மிகவும் வருத்துகிறது.

அவ்விபத்து நடந்த மூன்றே நாட்களில், ஜூலை 17-ஆம் தேதி, வால்தூர்னான்ஷைச் சேர்ந்த வழிகாட்டி ழான் அந்துவான் கரேல் கடினமான இத்தாலியப் பக்கத்தின் வழியே உச்சியை அடைந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 1890-இல், அதே மலையில் கடும் பனிப்புயலில் சிக்கிய தம் பிரயாணியைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டு, அந்தச் சிரமத்திலேயே அவர் உயிர் துறந்தார். தம்மை நம்பி வந்தவரைக் காப்பதே தொழில் தர்மம் என்பதற்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் நான் அறியேன்.

1891-இல் ஸெர்மாட்டுக்கு ரயில் வந்தது; மேய்ச்சல் கிராமம் யாத்திரிகர் நகரமாயிற்று. அறுந்த அந்தக் கயிறு அவ்வூர் அருங்காட்சிசாலையில் உள்ளது. அதைக் காணச் செல்வோர், முதிய டவுக்வால்டர் நிரபராதி என்று தீர்ப்பான செய்தியையும் உடனிருப்போருக்குச் சொல்வார்களாக.